வெண்பாவில் அடித்த சொல்

அச்சகத்தில் அவருக்குத் ‘தளைதட்டி’ என்று பட்டப்பெயர். வேலை, பிழை திருத்துவது. ஆனால் வெண்பாவைக் கண்டால் அசை பிரிக்காமல் விடமாட்டார். ஒரு சீர் அடுத்த சீரோடு இசையாமல் இடித்தால், “தளை தட்டுது” என்று பேனாவைத் திறந்துவிடுவார். முதலாளியின் பிறந்தநாள் வாழ்த்தையே சிவப்பு மையில் குளிப்பாட்டிய மகாராசன்.

மனைவி செவிலியர். இரண்டு வருடத்துக்கு முன் தொலைதூர மருத்துவமனைக்கு மாற்றலாகிப் போனாள். மூன்று மாதத்துக்கு முன்பு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வெண்பா எழுதி அனுப்பினாள்.

இருவர்க்கு வைத்த இருக்கை ஒருத்திக்கே
எப்போது வருவீர் இனி

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே ஆராய உட்கார்ந்தார். வடிவம்: குறள் வெண்பா, சரி. ஓசை: ‘எப்போது’ என்பதற்குப் பின் ‘வருவீர்’ தளை தட்டுகிறது, அதை அடித்துவிட்டு ‘காண்பேன்’ என்று போட்டார். உணர்ச்சி: ஏக்கம், யாரிடம் கேட்கிறாள் என்பது தெளிவாக இல்லை. கீழே ‘நல்ல முயற்சி’ என்று எழுதி, ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அவளுக்கே தபாலில் திருப்பி அனுப்பினார்.

அதன்பிறகு வெண்பா வரவில்லை. தொலைபேசியில் “சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா” என்பதோடு சரி. அவருக்கு வீடு வெறிச்சென்று இருந்தது. இன்னும் இரண்டு வரி எழுதமாட்டாளா என்று தினமும் தபால்பெட்டியைத் துழாவினார்.

அச்சகத்தில் மூலத்தை ஒருவர் உரக்கப் படிக்க, இவர் அச்சுத்தாளைச் சரிபார்ப்பது வழக்கம். படிக்கும் பெண்மணி ஒருநாள் மூலத்தாள் கட்டுக்குள் கிடந்த அந்த நகலையும் சேர்த்துப் படித்துவிட்டாள், அடித்த சொல்லோடு.

“இதை ஏன் சார் அடிச்சீங்க? பாவம், யாரோ யாரையோ வாங்கன்னு கூப்பிடறாங்க.”

கண்ணால் நூறு தடவை பார்த்த வரியை அவர் காதால் கேட்டது அன்றுதான். எழுந்து வெளியே போய் மனைவியைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“உன் வெண்பாவுல நான் கை வெச்சது தப்பு. ‘வருவீர்’தான் சரி.”

“தளை தட்டுமே?”

“தட்டிட்டுப் போகட்டும்.”

“வெண்பா கிடக்கட்டும். கேட்டதுக்கு இன்னும் நீங்க பதில் சொல்லலையே.”

“ஞாயித்துக்கிழமை வரேன்” என்றார்.

எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அச்சகம் விடுமுறைதான். இந்த இரண்டு வருடத்தில் அது அவருக்குத் தோன்றவே இல்லை.