ஜன்னல் சீட்டைக் காட்டிக்கொடுத்தவன்

போன வாரம் என் போனில் சார்ஜ் ஏறாமல் போயிற்று. பம்பாயில் செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே, வடாபாவ் வண்டிக்குப் பக்கத்தில், ஒரே ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு ரிப்பேர் கடை இருக்கிறது. கடைக்காரர் போனைப் பிரித்துப் போட்டு சால்டரிங் வைத்தார். ஈயம் உருகும்போது ஒரு புகை எழும் பாருங்கள், மூக்கைக் கொஞ்சம் அரிக்கும், ஆனாலும் இன்னொரு முறை இழுக்கத் தோன்றும். நான் இழுத்துக்கொண்டு நின்றேன். "ஹோ கயா மேடம்" என்று போனை உயிரோடு நீட்டினார். திரை வெளிச்சம் போட்டதும் முதலில் வந்து நின்றது ஆபீஸ்காரர்கள் எல்லாம் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த இணையதளத்தின் அறிவிப்புதான். 'இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.'

தெரியும். ஜெபராஜ்.

கொஞ்சம் சதை போட்டிருந்தான். மேடையில் காலர் மைக்கோடு ஒரு கையை நீட்டிப் பேசிக்கொண்டிருக்கும் படம். ஏதோ ஒரு பெரிய கம்பெனியில், வாடிக்கையாளர்களின் தகவல்களைப் பாதுகாக்கும் பிரிவுக்குத் தலைவனாம். படத்துக்குக் கீழே, நம்பிக்கைதான் எல்லாம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். நான் வடாபாவ் வண்டிக்கு முன்னால் நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். வண்டிக்காரர் எனக்கு ஒன்று போடத் தொடங்கிவிட்டதால் வாங்கித் தின்றேன். பாதியில் வைத்துவிட்டேன். மிளகாய்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த ஈயப் புகையை நான் முதன்முதலில் மோந்தது ஜெபாவின் மாடி அறையில்தான். செம்பூரைத் தாண்டி, தமிழர்கள் நிறைந்த சீத்தா கேம்ப்பில் அவர்கள் வீடு. கீழே ஒரு அறை, அதற்கு மேலே இரும்பு ஏணி வைத்து ஏறும் இன்னொரு அறை. மேல் அறையில் பின்பக்கம் கூன் விழுந்த பெரிய மானிட்டர், மூடியில்லாத சிபியு, கட்டிலுக்கடியில் செத்துப்போன கீபோர்டுகள். சில நாள் டிராம்பே பக்கத்திலிருந்து எண்ணெய் ஆலை வாடையும் காற்றில் கலந்து வரும். கீழேயிருந்து அத்தை, அதாவது அவன் அம்மா, மீன் பொரிப்பார்கள். இவ்வளவு வாசனைக்கும் நடுவில்தான் 'குறுக்குச்சந்து' நடந்தது.

அது ஒரு இணையதளம். பம்பாய்த் தமிழர்கள் கேள்வி கேட்கலாம், நாங்கள் மூன்று பேர் பதில் சொல்லுவோம். எந்த போன் வாங்கலாம், எந்த டிவி உழைக்கும், இன்வெர்ட்டர் வேண்டுமா என்பதெல்லாம் ஜெபாவின் இலாகா. சட்டம் கோமதிக்கு. கோமதி மாட்டுங்காக்காரி. மூன்று தலைமுறையாக அங்கே கிங்ஸ் சர்க்கிளை விட்டு நகராத, சைவம் சாப்பிடும் ஆபீஸ் குடும்பம். அப்போது ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருந்தாள். கறுப்புக் கோட்டில் எப்போதும் ஒரு சேஃப்டி பின் குத்தியிருக்கும். எதற்கு என்று இன்றுவரை தெரியாது. கம்ப்யூட்டர் படிப்பும் வேலையும் என் பகுதி. நான் தாராவியிலிருந்து சயானில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, செம்பூரில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். 'ஜன்னல் சீட்டு' என்ற பெயரில் எழுதினேன். ஹார்பர் லைன் ரயிலில் ஒரு நாள்கூட ஜன்னல் பக்கம் உட்கார்ந்தறியாதவள் வைத்துக்கொண்ட பெயர் அது.

வந்த கேள்விகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் ஒருவர், 'ஹார்டுவேர் கஷ்டமான வேலை, சாஃப்ட்வேர் லேசான வேலை என்கிறார்களே, என் மகன் உடம்பு கொஞ்சம் சோனி, எதில் சேர்க்கட்டும்?' என்று கேட்டிருந்தார். செம்பூரில் ஒரு அம்மாவுக்கு வெளிநாட்டு லாட்டரி விழுந்ததாக மெயில் வந்திருந்தது. வரி கட்ட வேண்டுமா என்பது அவர் கவலை. பாதிப் பேர் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, அப்பாக்களுக்கு மௌஸ் பிடிக்க வராது. நாங்கள் தமிழில் போடும் பதிலைப் பிள்ளை திரையில் திறந்து வைக்க, அப்பா பின்னால் நின்று வாசிப்பாராம். ஒரு வீட்டில் அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதே அப்போதுதான் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபா சர்ச்சிலிருந்து வந்ததும் மூன்று பேரும் மாடி அறையில் கூடுவோம். எழுதுவது நாங்கள் மூன்று பேர், டைப் அடிப்பது முழுக்க அவன். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துரு ஒரு கம்ப்யூட்டரில் தெரிந்தால் இன்னொன்றில் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்த வித்தை அவனுக்கு மட்டும்தான் பிடிபட்டது. சர்வர், பாஸ்வேர்டு, எங்கள் மூவரின் மெயில் எல்லாம் அவன் கையில். "உன் பேரு இந்த ஏணிய விட்டு கீழ எறங்காது பிள்ள, போதுமா?" என்று அவன் ஒருமுறை சொன்னான். போதும் என்றுதான் நினைத்தேன். கூடப் பிறந்த ஆண்பிள்ளை எனக்குக் கிடையாது. அந்த இடத்தில் அவனை வைத்திருந்தேன்.

எங்கள் பயிற்சி நிலையத்தின் வாசலில் ஒரு பெரிய பேனர் இருக்கும். படித்து முடித்தவுடன் வேலை உறுதி என்று போட்டு, வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். அதில் பாதி முகங்கள் எங்கள் நிலையத்தின் படி ஏறியவையே அல்ல. நான் நடத்திய பாடமோ, அந்நேரம் எந்தக் கம்பெனியும் தொடாத ஒரு மென்பொருள். இது எனக்குத் தெரியவே ஒரு வருடம் பிடித்தது. சொன்னவள் என் மாணவி செல்வராணி. சீத்தா கேம்ப் பெண். இன்டர்வியூவுக்குப் போன இடத்தில் அந்த மென்பொருளின் பெயரைச் சொன்னதும் எதிரில் இருந்தவர் சிரித்தாராம். "அக்கா, நம்ம படிச்சத சொன்னேன். இது இன்னும் இருக்காம்மான்னு கேக்காரு அந்தாளு" என்றாள். சொல்லும்போது அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

எழுதினேன். நிலையத்தின் பெயரைச் சொல்லாமல், செம்பூரில் இப்படி ஒரு இடம், இன்னின்ன படிப்பு, சேருமுன் இவற்றைக் கேளுங்கள் என்று எழுதினேன். ஜெபாவுக்கு அனுப்பிய மெயிலில் மட்டும், அவன் சரிபார்க்க வேண்டும் என்பதற்காக, செல்வராணி பெயரையும் அவள் சொன்னதையும் முழுசாக எழுதியிருந்தேன். கட்டுரை வந்தது. அந்த மாதம் புதிதாகச் சேர வந்தவர்கள், நான் எழுதியிருந்த கேள்விகளை அதே வரிசையில் கேட்டார்கள். வரவேற்பில் இருந்த பெண் முழித்ததைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

கொண்டாட்டம் ரொம்ப நாள் இருக்கவில்லை. ஒரு மத்தியானம் டைரக்டர் கூப்பிட்டு அனுப்பினார். கதவைத் திறந்ததும் நாற்காலியைக் காட்டி, "ஆயியே, விண்டோ சீட் மேடம், பைட்டியே" என்றார். சிரித்த முகம். மேஜைமேல் என் மெயிலின் அச்சுப் பிரதி கிடந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. யாரையோ வைத்துப் படித்திருக்கிறார். ஒரு பெயரின் அடியில் சிவப்பு மையில் கோடு. செல்வராணி.

நான் என்ன சொன்னேன், எப்படி வெளியே வந்தேன் என்று ஞாபகமில்லை. அன்றே வேலை போயிற்று. இரண்டு நாள் கழித்து செல்வராணி தாராவிக்கு என்னைத் தேடி வந்தாள். அவளுடைய சர்டிபிகேட்டைத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். "நீங்க என் பேரச் சொன்னீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை.

அந்த ஞாயிறு வழக்கம்போல் சீத்தா கேம்ப் போனேன். அத்தை என்னைப் பார்த்ததும் தட்டை வைத்துவிட்டார்கள். "முகம் ஏன் வாடிக் கெடக்கு? மொதல்ல சாப்பிடு" என்று கறிக்குழம்பை ஊற்றினார்கள். எதிரில் ஜெபா. இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவன் எலும்பை அவ்வளவு கவனமாகக் கடித்து நான் பார்த்ததில்லை. அப்புறம் மாடிக்கு ஏறினோம்.

"எதுக்குல குடுத்த?" என்றேன்.

"வக்கீல் நோட்டீஸ் வந்துச்சு பிள்ள. எழுதுனது யாருன்னு கேட்டு. சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா?"

"கோமதி எழுதுனத நீதானல டைப் அடிச்ச? தனியார் கம்பெனி கேட்டா யார் பேரையும் குடுக்க வேண்டாம், கோர்ட்டு சொல்லணும், இல்ல போலீசு முறைப்படி கேக்கணும்னு. தலைப்பு வச்சதே நீதான்."

"எழுத நல்லாத்தான் இருக்கும். வீட்டு வாசல்ல வந்து நின்னாத் தெரியும்."

"யாரு வந்து நின்னா?"

அவன் மௌஸைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் போடப்படவே இல்லை.

"சரி, என் பேரக் குடுத்த. அந்தப் பிள்ள பேரு எதுக்கு?"

"மெயில அப்பிடியே ஃபார்வர்ட் பண்ணிட்டேன். பிரிச்சுப் பாக்கல."

இத்தனை வருடத்தில் நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பயந்துவிட்டேன் என்று அவன் அழுதிருந்தால் மன்னித்திருப்பேன். பயம் எனக்கும்தான் இருந்தது. மன்னிக்க முடியாதது அந்த 'பிரிச்சுப் பாக்கல'தான். ஒரு பெண்ணின் பிழைப்பு உள்ளே இருந்தது. அதைப் பிரித்துப் பார்க்கிற நேரம்கூட அவனுக்கு இல்லாமல் போயிற்று. இறங்கும்போது அத்தை, "அடுத்த வாரம் கருவாடு வைக்கேன், அந்த மாட்டுங்காப் பிள்ளைக்கிட்ட மட்டும் சொல்லாத" என்று காதோரம் சொன்னார்கள். தலையாட்டினேன். அப்புறம் நான் அந்த வீட்டுக்குப் போகவே இல்லை. ஏன் வரவில்லை என்று எங்கள் எதிர்வீட்டு போனுக்கு இரண்டு முறை கூப்பிட்டார்கள். வேலை அதிகம் அத்தை என்றேன். மகன் செய்ததை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

கோமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "நீ அழாதே. முதல்ல அந்தப் பொண்ணோட சர்டிபிகேட்டை வாங்கலாம். மத்தவனை அப்பறம் பார்த்துக்கலாம்" என்று கோட்டை மாட்டிக்கொண்டாள். செல்வராணியையும் கூட்டிக்கொண்டு மூவரும் செம்பூர் போனோம். வரவேற்பில் உட்கார வைத்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ மேஜைக்கு அடியில் குனிந்து கேபிள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்த ஆள் முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். கழுத்தில் நிலையத்தின் நீலப் பட்டை, அடையாள அட்டை.

ஜெபா.

எங்களைப் பார்த்தான். மீண்டும் குனிந்துகொண்டான். அதற்குமேல் இழுக்க அங்கே கேபிள் எதுவும் இல்லை.

"ஓ" என்றாள் கோமதி. "வாசல்ல வந்து நின்னது இந்த வேலைதானா?"

செல்வராணி அவனை எழுந்து நின்று பார்த்தாள். அவனுக்கு அவளைத் தெரியாது. ஒரே கேம்ப்பில் நான்கு சந்து தள்ளி இருந்தவள்தான். பெயரை மட்டும்தானே அனுப்பினான்.

டைரக்டரிடம் கோமதி குரலை உயர்த்தவே இல்லை. காசு கொடுத்துப் படித்தவள் வாடிக்கையாளர். நுகர்வோர் மன்றத்தில் இவளுடைய சர்டிபிகேட்டையும் கேட்போம், கூடவே வாசலில் உள்ள பேனரையும் காட்டுவோம் என்று பாதி இங்கிலீஷும் பாதி இந்தியுமாகச் சொன்னாள். அடுத்த வாரமே சர்டிபிகேட் வந்தது. செல்வராணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள். "இத வச்சு என்னக்கா பண்ண? இது எங்கயும் செல்லாதுன்னு நீங்கதான எழுதுனீங்க?" கோமதி சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. அவள் பிறகு கணக்கு மென்பொருள் ஒன்றைத் தானாகக் கற்றுக்கொண்டு வாஷியில் ஒரு மொத்த வியாபாரியிடம் சேர்ந்தாள். இப்போது அவள் மகள் கல்லூரியில் படிக்கிறாள். தீபாவளிக்கு எனக்கு முறுக்கு வரும்.

ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் வேலைக்கு வழி சொன்ன எனக்கு மட்டும் அதன்பின் அந்தத் துறையில் இடம் கிடைக்கவில்லை. அனுபவச் சான்று கேட்பார்கள், என்னிடம் இல்லை. சயானில் ஒரு மருந்து ஏஜென்சியில் பில் போட்டேன், பிறகு பள்ளி ஆபீசுக்கு வந்தேன். அதில் பெரிய வருத்தமில்லை. கோமதி சீனியர் வக்கீலாகிவிட்டாள். அவளோடு இப்போதும் கிங்ஸ் சர்க்கிளில் தோசை சாப்பிடுகிறேன். ஜெபா பெயரை நாங்கள் எடுப்பதில்லை. ஆனால் எனக்கு எந்த ஞாயிற்றுக்கிழமையும் பழைய ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததில்லை. யாரிடமாவது மனம்விட்டு ஏதாவது சொல்லப் போகும்போது, இதை இவர் யாருக்கு அனுப்புவார் என்று ஒரு கணக்கு ஓடுகிறது. முன்பு எனக்கு அந்தக் கணக்கு தெரியாது.

குறுக்குச்சந்தை அவன் அந்த மாதமே மூடிவிட்டான். எங்களைக் கேட்கவில்லை. ஒரு நாள் திறந்தேன், வெள்ளையாக இருந்தது. இட்லிக்காரர், லாட்டரி அம்மா, பின்னால் நின்று வாசித்த அப்பாக்கள் எல்லோரும் ஒரே நாளில் போய்விட்டார்கள். யார் யார் என்று எங்களுக்கு முகம்கூடத் தெரியாது. தேடிப் போய்ச் சொல்ல வழியில்லை.

பழைய இணையப் பக்கங்களை எடுத்து வைக்கும் இடம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு, வெகு காலம் கழித்து ஒரு நாள் தேடினேன். எங்கள் முகப்புப் பக்கம் மட்டும் இருந்தது. பாதி எழுத்துகள் கட்டம் கட்டமாக. ஓரத்தில், புதிதாக வந்த கேள்வி என்ற பெட்டிக்குள், யாரோ ஒருவர் ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதியிருந்தார்: 'ஜன்னல் சீட்டு அவர்களுக்கு, என் மகளை எந்த கம்ப்யூட்டர் கோர்சில் சேர்க்கலாம்? நாளைக்குள் பணம் கட்ட வேண்டும். நீங்கள் சொன்னால் நம்புவேன்.'

கீழே 'பதில்' என்று இருந்தது. அழுத்தினேன். அந்தப் பக்கம் சேமிக்கப்படவில்லை என்று வந்தது.