ஆறு விமானிகள்

எங்கள் வீட்டில் எனக்கு ‘அரைகுறை’ என்று பெயர். அம்மா வைத்தது. ஐந்தாம் வகுப்பில் நான் எம்பிராய்டரி போட ஆரம்பித்த தலையணை உறையில் மயிலுக்குக் கழுத்து வரைக்கும்தான் வந்தது, தோகை இன்றுவரை வரவில்லை. இந்தி டியூஷன் ஒன்றரை மாதம். கோல நோட்டு நான்கு பக்கம். “அந்த அரைகுறையச் சாப்பிட வரச் சொல்லு” என்று அம்மா தம்பியிடம் சொல்லி அனுப்புவாள். அப்பா என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அம்மா கூப்பிடும்போது சிரிப்பார். எனக்கு அதுதான் கூடுதல் எரிச்சல்.

அதனால் பெரியப்பா அந்தப் பெரிய பையைத் தம்பியிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தபோது வீட்டில் யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பெரியப்பா அப்பாவுக்கு மூத்தவர். சின்ன வயதிலேயே பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, ஓய்வு பெற்று, பாரிசுக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டவர். பட்டாளம் போனாலும் பட்டாளத்து மீசை போகவில்லை. வருடா வருடம் மாங்கனித் திருவிழாவுக்குக் காரைக்கால் வந்துவிடுவார். ஊர்வலம் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். மொட்டை மாடியிலிருந்து ஒரு கூடை மாம்பழம் இறைப்பது அவருடைய வேண்டுதல். கல்யாணமாகி ஒன்பது வருடம் குழந்தையில்லாமல் இருந்து, ஒரு திருவிழாவில் பெரியம்மாவின் மடியில் மாம்பழம் விழுந்து, அதற்கடுத்த வருடம் பிறந்தவன் அவர்களுடைய ஒரே மகன். எனக்கு அண்ணன் முறை.

நான் சொல்லும் வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் அண்ணன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனான். பதினேழு வயது. அந்த ஆனி மாதம் பெரியப்பா தனியாகத்தான் வந்தார். வருடம் திரும்பவில்லை என்பதால் மாடிக்குப் போகவில்லை, மாம்பழம் இறைக்கவில்லை. வெளியே கூட்டம் கூச்சலிட, கூடத்தில் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்.

பைக்குள் ஆறு அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் மேகத்தைக் கிழித்துக்கொண்டு போகும் ஒரு போர்விமானத்தின் படம். உள்ளே பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும், வெட்டி எடுத்து, ஒட்டி, வண்ணம் அடித்தால் விமானம் வரும் என்று விளக்கினார்.

“அண்ணன் ஆரம்பிச்சு வச்சதும்மா. எதுவரைக்கும் பண்ணான்னு தெரியல, நான் பிரிச்சுப் பாக்கல. நீ முடிச்சு வை. அடுத்த வருஷம் வந்து பாக்குறேன்.”

அடுக்களையில் அம்மா அப்பாவிடம் ரகசியம் பேசினாள். அம்மாவின் ரகசியம் வாசல் வரை கேட்கும். “பாரிசுல அக்காவால அத வீட்ல வச்சுக்க முடியலையாம். அதுக்குன்னு இவகிட்டயா குடுக்கணும்? நடந்த மாதிரிதான்!”

முடித்துக் காட்டுகிறேன் பார் என்று அன்றே மனதுக்குள் சபதம் போட்டேன்.

அண்ணனை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். கடைசியாக வந்தபோது அவனுக்குப் பதிமூன்று இருக்கும். என்னைவிட ஒரு பிடி கறுப்பு. ஆனால் தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவான், வெயிலில் தொப்பி போடுவான் என்பதால் தெருப் பையன்கள் அவனை ‘வெள்ளைக்காரன்’ என்று கூப்பிட்டார்கள். அதை அவன் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சிரித்தான். “அப்ப அங்க உன்ன என்னன்னு கூப்பிடுவாங்க?” என்று தம்பி கேட்டான். அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்த்தான். “பேசாம சாப்பிடுங்க” என்றார் பெரியப்பா. அன்றைக்கு வஞ்சிரம் வறுவல், அதனால் நன்றாக நினைவிருக்கிறது.

சபதம் போட்ட கையோடு பெட்டிகளைப் பரணில் ஏற்றினேன். பத்து மாதம் அங்கேயே இருந்தன. மே மாத லீவில், “மாங்கனிக்கு இன்னும் ஒண்ணர மாசந்தான். பெரியப்பா வந்து என்னத்தப் பாப்பாங்க? பல்லி முட்டையவா?” என்று அம்மா கேட்ட பிறகுதான் இறக்கினேன்.

திறந்து பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. செத்துப்போனவன் மேல் கோபப்படக் கூடாது என்று தெரியும், ஆனாலும் வந்தது. ஆறு பெட்டியையும் பிரித்திருந்தான், ஒன்றையும் முடித்திருக்கவில்லை. எல்லாவற்றிலும் ஒரே ஒரு வேலைதான் நடந்திருந்தது. சுண்டுவிரல் நகம் அளவுள்ள விமானிக்கு வண்ணம் அடித்து, இருக்கையில் ஒட்டி வைத்திருந்தான். ஒரே ஒரு விமானத்தில் மட்டும் உடம்பின் இரண்டு பாதியையும் மூடி, விமானியின் தலைக்கு மேலே வரும் கண்ணாடி மூடியையும் ஒட்டிவிட்டிருந்தான். அந்த மூடியும் பசையின் ஆவி பட்டு, இட்லிப் பானையைத் திறந்தவரின் மூக்குக்கண்ணாடி மாதிரி வெளுத்திருந்தது. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டால் என்ன? தோகையில்லாத மயிலின் சொந்தக்காரி நான்தான் இப்படிக் கேட்டேன்.

பெட்டியிலிருந்த பசைக்குழாய் கல்லாகிவிட்டிருந்தது. காரைக்காலில் ஒரு கடையிலும் அந்தப் பசை கிடைக்கவில்லை. அப்பா தண்ணீர்க் குழாய் போடும் ஃபிட்டர். குழாய்களை ஒட்டும் சால்வென்ட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து ஈர்க்குச்சியால் தொட்டு, இரண்டு துண்டுகளை ஒட்டிக் காட்டினார். இரும்பாகப் பிடித்துக்கொண்டது.

“ஒரு பொட்டு போதும். கூட வச்சா உருகிப்போயிடும். இன்னொண்ணு, தொறந்தா மூணு நாளுதான், கடல் காத்துக்குப் பாகா இறுகிடும். வேற டப்பா கேக்கக் கூடாது.”

ஆக, ஒன்று ஒன்றாகச் செய்ய வழியில்லை. ஆறையும் சேர்த்துத்தான் கட்ட வேண்டும். மூன்று வாரம் பசை தேவைப்படாத வேலைகளாகப் பார்த்துச் செய்தேன். துண்டுகளைப் பிளேடால் நறுக்கினேன், உப்புத்தாளால் தேய்த்தேன், ஆறு எவர்சில்வர் தட்டுகளில் விமானத்துக்கு ஒரு தட்டு என்று பிரித்து வைத்தேன். வழிமுறைத் தாள் பிரெஞ்சில் இருந்தாலும் எல்லாம் படமும் எண்ணும்தான். அதற்கு மொழி வேண்டாம்.

அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் அண்ணன் செய்த தப்பைக் கண்டுபிடித்தேன்.

வண்ண டப்பாக்கள் பத்துப் பன்னிரண்டு இருந்தன, தைலப் புட்டியைவிடச் சின்னவை. ஒவ்வொன்றின் மூடியிலும் ஓர் எண். தாளில் விமானியின் முகத்துக்கு அம்புக்குறி போட்டு அதன் எண்ணைக் கொடுத்திருந்தார்கள். அந்த எண்ணுள்ள டப்பாவைத் தேடி எடுத்து ஸ்பூன் காம்பால் நெம்பினேன். மற்ற டப்பாக்கள் எல்லாம் திறந்து திறந்து காய்ந்து கிடக்க, அது மட்டும் ‘டப்’ என்று புதிதாகத் திறந்தது. ஒரு முறைகூட யாரும் அதைத் திறந்ததில்லை. உள்ளே பஞ்சுமிட்டாயைப் பாலில் கரைத்த மாதிரி ரோஸ் நிறம். பெட்டிப் படத்திலிருந்த விமானிகளின் முகமும் அதே ரோஸ்தான்.

அண்ணனோ ஆறு பேருக்கும் நல்ல மரக்கலரில் முகம் அடித்து வைத்திருந்தான். அசட்டையாக அடித்தான் என்று சொல்ல முடியாது. கண்ணுக்கு ஊசிமுனையால் வெள்ளை வைத்து, அதற்குள் கறுப்பு வைத்திருந்தான். ஒருவனுக்கு மீசைகூட இருந்தது. இவ்வளவு பொறுமைசாலி எண்ணைக் கவனிக்காமல் போனானே, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். தம்பி பிடித்துக்கொள்ள, ஐந்து பேரின் முகத்தையும் எண் பார்த்து ரோஸாக மாற்றினேன். அடியில் மரக்கலர் தெரியக் கூடாது என்று இரண்டு பூச்சு. மீசையும் போயிற்று. ஆறாவது ஆள் மட்டும் தப்பித்தான். மூடியை நெம்பப் பார்த்தேன், விரிசல் விடுகிற மாதிரி இருந்ததால் விட்டுவிட்டேன்.

பிறகு சால்வென்ட் டப்பாவைத் திறந்தேன். முதல் நாள் ஐந்து உடம்புகளையும் மூடினேன். கண்ணாடி மூடிகளை மட்டும், வெளுத்துவிடும் என்று பயந்து, பசையில்லாமல் அழுத்திப் பொருத்தினேன். நாற்றம் தாங்காமல் அம்மா தலைக்குத் தைலம் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். இரண்டாம் நாள் இறக்கைகள். நான் குளிக்கப் போன நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் மாமா குடும்பத்தோடு திருநள்ளாற்றிலிருந்து சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். ஆறு பேர். அம்மா என்ன செய்தாள் என்றால், ஆறு தட்டில் இருந்ததையும் ஒரே முறத்தில் கொட்டிவிட்டு, தட்டுகளைக் கழுவிச் சோறு போட்டுவிட்டாள்.

நான் போட்ட கூச்சலில் மாமா சாம்பாரோடு எழுந்துவிட்டார்.

“எல்லாம் பிளாஸ்டிக்குதானடி, என்னமோ நெல்லையும் அரிசியையும் கலந்துட்ட மாதிரி கத்துற” என்றாள் அம்மா. நெல்லும் அரிசியும் கலந்திருந்தால் அரைமணி நேரத்தில் பிரித்திருப்பேன். இது அன்றைய மீதி நாளையும் அடுத்த நாள் மதியத்தையும் விழுங்கியது. அதற்குள் சால்வென்ட் நூல் நூலாக இழுக்க ஆரம்பித்துவிட்டது. அவசர அவசரமாக வால்களையும் சக்கரங்களையும் ஒட்டினேன். முக்கோண இறக்கை ஜெட் ஒன்று, ஓடுபாதையே பார்த்திராத பழைய காலத்துச் சக்கரத்தில் நிற்க வேண்டியதாயிற்று. ஆனால் நின்றது. ஆறும் நின்றன. பம்ப் ஹவுஸ் கதவுக்கு அடித்து மீந்த சாம்பல் பெயிண்டை அப்பா கொண்டுவந்தார். எந்த நாட்டு விமானமாக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அதே சாம்பல்தான்.

திருவிழாவுக்கு முதல் நாள் பெரியப்பா வந்தார். இந்த முறையும் பெரியம்மா வரவில்லை. ஷோகேஸின் மேல்தட்டில் ஐந்து விமானங்களை முன்வரிசையில் வைத்து, வெளுத்த மூடி போட்டதைப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். பெரியப்பா காபிகூடக் குடிக்காமல் நேராக அங்கேதான் போனார். ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லா பண்ணியிருக்கம்மா” என்றபோது எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற வாயா அது?

“அண்ணன் எல்லார் மூஞ்சிக்கும் தப்பான கலர் அடிச்சிருந்தாரு பெரியப்பா. நாந்தான் நம்பர் பாத்து மாத்துனேன்.” ஆதாரத்துக்குத் தாளையும் விரித்துக் காட்டினேன்.

“என்ன கலர் அடிச்சிருந்தான்?”

“நம்ம கலரு.”

அப்பா “ஏ புள்ள” என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார். பெரியப்பா கையிலிருந்த விமானத்தின் மூடியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். உள்ளே ரோஸ் முகம். அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அதிலும் ரோஸ். ஐந்தையும் முதலிலிருந்து மறுபடி பார்த்தார்.

“எல்லாருக்குமேவா அடிச்சிருந்தான்?”

“ஆறு பேருக்கும். ஒருத்தருக்கு மீசைகூட வச்சிருந்தாரு.”

“ஆறாவது எங்கம்மா?”

வேறு வழியில்லாமல் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மூடியை அண்ணன் ஒட்டிவிட்டதால் மாற்ற முடியவில்லை, என் மேல் தப்பில்லை என்றும் சொன்னேன். பெரியப்பா வேட்டி நுனியால் அந்த மூடியைத் துடைத்தார். வெளுப்பு உள்பக்கம் என்பதால் போகவில்லை. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் தெளிவாக இருந்தது, அதன் வழியாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். காபி ஆறிப்போய் அம்மா மறுபடி சுட வைத்தாள்.

“இத நான் எடுத்துக்கட்டுமா?”

“அய்யய்யோ, அது வேணாம் பெரியப்பா. அது சரியாவே வரல. நல்லதா ஒண்ணு எடுத்துக்குங்க.”

“இது போதும்மா” என்றார்.

நல்லதையெல்லாம் எனக்கே விட்டுவைக்க, மட்டமானதை அவர் எடுத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். பெரிய மனசுதான். ஆனால் பாரிசில் பார்ப்பவர்கள் அதை வைத்துத்தானே என் வேலையை எடைபோடுவார்கள் என்ற கவலை ராத்திரி முழுக்க அரித்தது.

மறுநாள் பெரியப்பா மாடியில் நின்று முழுக் கூடை மாம்பழத்தையும் இறைத்தார். இனி எதற்கு இந்த வேண்டுதல் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. கீழே ஈரப் புடவையில் மடியேந்தி நின்ற ஒரு பெண்ணைப் பார்த்து, கடைசிப் பழத்தைக் குறி வைத்துப் போட்டார். அவளும் பிடித்துவிட்டாள்.

அதற்கு மறுநாள் காலையில் கார் வந்தது. அந்த விமானத்தைச் சட்டைத் துணியில் சுற்றிக் கைப்பையின் மேலாக வைத்திருந்தார். கார் கிளம்பும் நேரத்தில்தான் எனக்கு யோசனை வந்தது. உள்ளே ஓடி, ரோஸ் டப்பாவையும் மெல்லிய பிரஷையும் எடுத்துவந்து கார் ஜன்னல் வழியாக நீட்டினேன்.

“அங்க போயி மூடியத் தொறக்க முடிஞ்சா இத அடிச்சுடுங்க பெரியப்பா. அப்பதான் ஆறும் ஒண்ணா இருக்கும்.”

பெரியப்பா டப்பாவை வாங்கி, மூடியிலிருந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரிம்மா” என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

தெருமுனையில் கார் திரும்பும் வரை கையாட்டினேன். எதையும் பாக்கி வைக்கவில்லை என்ற நிம்மதியோடு உள்ளே வந்து, இனிமேல் என்னை அரைகுறை என்று கூப்பிடக் கூடாது என்று அம்மாவிடம் கறாராகச் சொன்னேன். அம்மா ஷோகேஸைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தாள். யாரை ஊருக்கு அனுப்பினாலும் அம்மா அழுவாள் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.