என் மூன்று சக்கர பைக் எத்தனையில் போகும்?

போன செவ்வாய்க்கிழமை லப்பைக்குடிக்காட்டில் ஜமால் பாய் கடை வாசலில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். பாய் என் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு கேட்டார்.

"ஏம்மா, இது எவ்வளவு வேகம் போவும்?"

சின்னக் கேள்விதான். ஆனால் பாருங்கள்... ஒன்பது வருஷமாக ஓட்டுகிற எனக்குப் பதில் தெரியவில்லை!

வாராவாரம் நான் வாயால் சொல்லி இங்கே அச்சில் வருவதைப் படிக்கிறவர்களுக்கு என் வண்டியைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முன்னாலிருந்து பார்த்தால் பைக் – அதே ஹேண்டில்பார், அதே டேங்க், அதே சீட்டு. பின்னால் இரண்டு சக்கரம், அதன்மேல் ஒரு இரும்புத் தொட்டி. ஆறு மூட்டை சின்ன வெங்காயம் தாங்கும். ஐம்பத்தெட்டு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். லைசென்ஸும் எடுத்தேன். அதற்கு முன்பு, குன்னம் பக்கத்தில் எங்கள் வெங்காயக் காட்டு ஓரத்தில் மூட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு, யார் வீட்டு டெம்போ எப்போது வரும் என்று ரோட்டைப் பார்த்து நின்றவள் நான். இப்போது என்னை யாரும் நிற்க வைக்க முடியாது.

ஸ்பீடோமீட்டர் முள் மட்டும் வாங்கிய மறுமாதமே சைபரில் படுத்துவிட்டது. நானும் எழுப்பவில்லை. முள்ளைப் பார்த்தா வண்டி ஓட்டுகிறோம்?

"மாஷா அல்லா, அறுபதுக்குக் கொறையாதும்மா" என்றார் பாய்.

தொட்டியில் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்த என் நாத்தனார் ராஜாமணிக்கு அது போதவில்லை. வியாபாரத்துக்கு எங்கே போனாலும் கூட வருவாள். "அறுவதா? எம்பது பாய்! அண்ணி முறுக்குனா எங்கொண்டை அவுந்துரும்."

நான் இருவரையும் அடக்கினேன். "நாப்பது. அதுக்கு மேல ஒரு பொட்டு போவாது."

எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்? சொல்கிறேன். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் எண் என்றால் பட்டென்று வந்துவிடும். அரியலூர் ரோட்டில் போகிற சுண்ணாம்புக்கல் லாரிகளின் முதுகில் வட்டம் போட்டு 40 என்று எழுதியிருக்கும். மேட்டில் அந்த லாரிகளுக்குப் பின்னாலேயே, இடைவெளி கூடாமல் குறையாமல் போயிருக்கிறேன். லாரி நாற்பது என்றால் நானும் நாற்பது. வேறு என்ன கணக்கு வேண்டும்?

அன்று சாயங்காலமே ராஜாமணி, அரியலூரில் டீச்சராக இருக்கிற என் மகள் தமிழ்ச்செல்விக்குப் போன் போட்டாள். மற்ற எல்லாக் கதையும் சொல்லிவிட்டு, எண்பதையும் சொல்லியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள் மகள். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை.

"எம்பதாம்மா? இந்தத் தகர டப்பாவுலயா?"

"யாருடி சொன்னா? நாப்பதுதான்." லாரிக் கணக்கைச் சொன்னேன்.

தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா, அது நாப்பதுக்கு மேல போவாதடான்னு அவனுக்கு எழுதி வெச்சது. நாப்பதுல போறான்னு எழுதல!"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் லாரி முதுகைப் படித்துக்கொண்டு போனேனே... அது வேகம் இல்லையாம். புத்திமதியாம்.

"இன்னைக்கே பாத்துருவோம்" என்றாள் மகள். "நான் பக்கத்துல ஸ்கூட்டியில வரேன். அதுல முள்ளு நல்லாதான் வேலை செய்யுது. நாப்பதுக்கு மேல ஒண்ணு போனாலும் சாவி எங்கிட்ட. வண்டிய வித்துரலாம்."

"நாப்பதுக்குள்ள இருந்தா?"

"வாயத் தொறக்க மாட்டேன். ஆயிலும் நானே மாத்தித் தரேன்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? மாட்டேன் என்றால் பயந்துவிட்டேன் என்று ஆகுமே!

எங்கள் ஊர் விலக்கிலிருந்து ஏரி வரைக்கும் நேர் ரோடு. ஞாயிறு காலையில் ஈ, காக்கை இருக்காது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம். ராஜாமணி வழக்கம்போல் தொட்டியில் ஏறிக்கொண்டாள். "சாட்சி வேணாமா?" என்று கேட்டுக்கொண்டே.

கிளம்பினோம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முக்கால் முறுக்கோடு நிறுத்திவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. யாருக்குத் தெரியும்? ஆனால் என் வண்டியின் சத்தம் ராஜாமணிக்குத் தெரியும். அதைவிட எனக்குத் தெரியும். முழுசாக முறுக்கினேன். தொட்டி கடகடவென்று ஆடியது. முந்தானை காற்றில் படபடத்தது. லாரி என்ன லாரி, ரயிலே பின்னால் வருகிற மாதிரி இருந்தது எனக்கு!

ஏரிக்கரையில் புளிய மரத்தடியில் நிறுத்தினோம். மகள் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

"முப்பத்தெட்டு."

"என்னது?"

"முப்பத்தெட்டும்மா. அதுக்கு மேல முள்ளு அசையல. நீ ஜெயிச்சுட்ட."

ஜெயித்துவிட்டேன். சாவி என் சுருக்குப் பைக்கே. சந்தோஷப்பட வேண்டுமா இல்லையா? எனக்கோ அவமானமாக இருந்தது. முப்பத்தெட்டு! ஒன்பது வருஷம் நான் பறந்த வேகம் அவ்வளவுதானா?

"காத்து எதுத்து அடிச்சுது" என்றேன்.

"ஒரு எல கூட ஆடலம்மா."

"ராஜாமணி கனம் வேற."

"ஏன் அண்ணி, ஆறு மூட்டைய ஏத்துவீங்க, நான் ஒருத்தி கனமா?" என்றாள் தொட்டியிலிருந்து.

"ஏரிக்கு அந்தாண்ட ஒரு எறக்கம் இருக்குல்ல... அதுல ஒரு தடவ பாப்போம்."

ராஜாமணி என் தோளைத் தட்டினாள். "அண்ணி, ஜெயிச்சாச்சு. வாயக் குடுக்காம வூட்டுக்கு வாங்க."

கேட்டேனா? இறக்கத்தில் முறுக்கினேன். என்ன சொல்ல... வண்டி பாடியது! பக்கத்தில் வந்த மகள் கணக்கு மறந்து, சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள்: "நாப்பத்தாறு! அம்மா, நாப்பத்தாறு!" நானும் கத்தினேன். ராஜாமணி மூவருக்கும் சேர்த்துக் கத்தினாள். அவள் கொண்டை உண்மையிலேயே அவிழ்ந்துவிட்டது.

கீழே வந்து நின்றதும் மகள் சிரிப்பை நிறுத்தினாள். உள்ளங்கையை நீட்டினாள்.

சொன்ன சொல் சொல்தான். இறக்கம் கேட்டது யார்? நான். சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். வைத்த பிறகுதான் தெரிந்தது, அந்தச் சின்னச் சாவி எவ்வளவு கனம் என்று. இனிமேல் மறுபடியும் டெம்போவுக்கு ரோட்டைப் பார்த்து நிற்க வேண்டும்.

"நானே ஓட்டியாந்து வூட்டுல பூட்டறேன்" என்றாள் மகள். ஸ்கூட்டியை அங்கேயே ஓரமாகப் பூட்டிவிட்டு என் சீட்டில் ஏறினாள். நான் முதல்முறையாக என் தொட்டியிலேயே ஏறி ராஜாமணி பக்கத்தில் உட்கார்ந்தேன். ராஜாமணி பாதிச் சாக்கை எனக்கு விரித்தாள். அதுவும் ஒரு ஆறுதல்தான்.

இறக்கத்தை மறுபடி ஏறி முடித்ததும், ஏரிக்கு முன்னால் மக்காச்சோளக் காட்டை ஒட்டி ஒரு வளைவு.

இரண்டு சக்கரம் ஓட்டுகிறவர்கள் என்ன செய்வார்கள்? வளைவு வந்தால் உடம்பைச் சாய்ப்பார்கள், வண்டியும் சாய்ந்து திரும்பும். மகளும் அழகாகச் சாய்ந்தாள். மூன்று சக்கரம் சாயுமா? இதைக் கையால் பிடித்து இழுத்துத் திருப்ப வேண்டும். அவள் வலது பக்கம் சாய்ந்தது சாய்ந்தபடி இருக்க, வண்டி தன் பாட்டுக்கு நேராகப் போய், மக்காச்சோளத்துக்குள் மெதுவாக நுழைந்து, நான்கு வரிசையைப் படுக்க வைத்துவிட்டு நின்றது.

ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

"அடியே, இது எங்காடுடீ!" என்று அலறினாள் ராஜாமணி. அவள் காடேதான்.

மகள் ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். தலையெல்லாம் சோளப்பூத் தூள். திரும்பாமலே கேட்டாள்.

"அம்மா... நான் எவ்வளவு வேகத்துல வந்தேன்?"

"முள்ளு சைபர்லதான் இருந்துச்சு" என்றேன்.

முதலில் ராஜாமணி சிரித்தாள். பிறகு நான். கடைசியில் மகளுக்கும் தாங்கவில்லை. சோளக்காட்டுக்குள் மூன்று பொம்பளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை யாராவது பார்த்திருந்தால் பேய் பிடித்தது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மகள் இறங்கினாள். சாவியைக் கழற்றி என் சுருக்குப் பையில் அவளே போட்டு, கயிற்றை இழுத்து முடிந்தாள்.

"எறக்கத்துல மட்டும் பிரேக்குல கால் இருக்கணும்."

"இருக்கும்."

வண்டியைப் பின்னால் தள்ளி ரோட்டுக்குக் கொண்டு வந்தோம். நான் ஓட்டினேன். டீச்சரம்மா தொட்டியில் சாக்கின் மேல் உட்கார்ந்து, இறக்கத்தடியில் விட்ட தன் ஸ்கூட்டி வரைக்கும் வந்தாள். முப்பதுக்குள்தான் போயிருப்பேன் – உத்தேசமாகச் சொல்கிறேன்.

ஆக, சமதள ரோட்டில் முப்பத்தெட்டு, இறக்கத்தில் நாற்பத்தாறு. ஜமால் பாயிடமும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். ராஜாமணி மட்டும் இன்னும் எண்பதிலேயே நிற்கிறாள்.

நிற்கட்டுமே... என் வண்டியைப் பற்றி உயர்வாகப் பேச ஊரில் ஒருத்தியாவது வேண்டாமா?