ஆபீசரைக் கூப்பிட்டது யார்?

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை எனக்கு. பதினாறு வருடமாக அதே வேலை. கண்ணால் பார்த்ததை, பார்த்த நேரத்தோடு, அப்படியே எழுதி வைக்க வேண்டும். ஒரு புள்ளி தள்ளிப்போனால் ஒருவருடைய உயிரே தள்ளாடும். அதனால் எனக்குக் கூட்டிச் சொல்லியும் பழக்கமில்லை, குறைத்துச் சொல்லியும் பழக்கமில்லை. இதையும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளையிடும் என்பார்கள். எனக்கு நடந்தது சாயங்காலம் ஆறு மணிக்கு. நாய் ஊளையிடவே இல்லை. வாலை ஆட்டியது. பயமே அதுதான்.

நாயின் பேர் ஆபீசர். குட்டியாக வீட்டுக்கு வந்த அன்றே ஒவ்வொரு அறையாகப் போய் முகர்ந்துவிட்டு, எதுவும் திருப்தியில்லை என்கிற முகத்தோடு நடுக்கூடத்தில் உட்கார்ந்தான். என் கணவர்தான் பேர் வைத்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த இடத்தை அவன் கேட்காமலே எடுத்துக்கொண்டான். பன்னிரண்டாவது வயதில் அவனுக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்தது. வயசாகிவிட்டது, ஆபரேஷன் தாங்கமாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் சொட்டு மருந்து. அதுவும் எரிச்சல் குறையத்தான். பார்வை வராது.

அன்றிலிருந்து என் குரல்தான் அவனுக்குக் கண். "படி" என்றால் காலைத் தூக்கி வைப்பான். "இறங்கு" என்றால் தடவித் தடவி இறங்குவான். "நில்லு" என்றால் ரோடு நடுவில்கூட அப்படியே நிற்பான். மூன்றே வார்த்தை. என் கணவர் சொன்னால் கேட்கமாட்டான், நான் சொல்ல வேண்டும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இதற்கு நடுவில்தான் வீடு மாற வேண்டி வந்தது. மூன்றாவது மாடி. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷனுக்கு லிஃப்டே இல்லாத வீடுதான் கிடைத்தது. ஆபீசரை நான்தான் தூக்கிக்கொண்டு ஏறுவேன், பதினெட்டு கிலோ. புது வீட்டில் அவன் முட்டிக்கொள்ளாத இடம் இல்லை. மேஜைக் காலுக்கெல்லாம் பழைய போர்வையைச் சுற்றினேன். ஒவ்வொரு வாசலிலும் ஒரு மிதியடி போட்டேன், காலில் பட்டால் வாசல் என்று தெரியட்டும் என்று. தண்ணீர்க் கிண்ணத்தை ஒரு அங்குலம்கூட நகர்த்தமாட்டேன். எனக்குக் காலை ஏழிலிருந்து மூன்று வரை வேலை. நான் போனபிறகு அவன் தனியாகத்தான் இருப்பான்.

மூன்றாவது வாரம். வியாழக்கிழமை. மணி 6.05.

சமையலறையில் அவனுடைய தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் என் காலடியில் படுத்திருந்தான். திடீரென்று தலையைத் தூக்கினான். காது விறைத்தது. எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு, பின் அறைப் பக்கம் நடந்தான். அது சாதாரண வாலாட்டல் இல்லை. நான் வேலையிலிருந்து வரும்போது இடுப்போடு சேர்ந்து ஆடுமே, அந்த ஆட்டம். எனக்கு மட்டும் வைத்திருப்பது.

நான் இங்கே நிற்கிறேன். யாருக்கு ஆட்டுகிறான்?

இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தான். என் பாதத்தை முகர்ந்தான். நெடுநேரம் முகர்ந்தான்... சரிபார்க்கிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை என் கணவர் கூடத்தில் இருந்தார். நான் மொட்டைமாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கினேன். எத்தனை தடவைதான் அவனைக் கூப்பிடுவாய், என் மடியில்தானே இருக்கிறான் என்று அலுத்துக்கொண்டார்.

"நான் கூப்பிடவே இல்லையே."

"பின் ரூம்லேர்ந்து கூப்பிட்டியேம்மா, இப்பதான்."

நான் காலி பக்கெட்டோடு வாசலில் நிற்பதை அப்போதுதான் பார்த்தார். அன்று முழுக்க டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கீழ் வீட்டில் ஒரு டியூஷன் டீச்சர் இருந்தார். புதன்கிழமை படியில் பார்த்தபோது, இந்த வாரம் லீவா என்று கேட்டார். இல்லையே என்றேன். காலையில் பதினொரு மணிக்கு நீங்கள் நாயோடு பேசுவது தினமும் கேட்கிறதே என்றார். பதினொரு மணிக்கு நான் யாருடைய கையிலாவது ஊசி குத்திக்கொண்டிருப்பேன். வேறு வீட்டுச் சத்தமாக இருக்கும் என்று சொல்லப் போனேன். அவர் விடவில்லை.

"ஆபீசர்னு வேற யாருங்க நாயைக் கூப்பிடுவாங்க? அதுவும் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப... படி, படி, படின்னு. முதல்ல கொஞ்சம் குழறும். அப்புறம் சரியா வரும்."

குழறும். அப்புறம் சரியாக வரும்.

யாரோ சொல்லிப் பழகுகிறார்கள்.

மறுநாள் நானே கேட்டேன். மணி 6.02. அவன் தாடையைப் பிடித்து, இமையைத் தூக்கி, ஒரு சொட்டு விட்டிருந்தேன். இரண்டாவது சொட்டு விழுவதற்குள்...

"ஆபீசர்... வாடா."

பின் அறையிலிருந்து. போனில் பதிவு செய்து கேட்டால் நம் குரலே நமக்கு அந்நியமாக இருக்கும் இல்லையா. அப்படி இருந்தது. என் குரல்தான். அந்த இழுப்பு, அந்தச் செல்லம், எல்லாம் என்னுடையது.

என் கையில் இருந்த அவன் முகம் அந்தப் பக்கம் திரும்பியது. வால் ஆடியது.

விளக்கைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். அறை காலி. கட்டில், பீரோ, பால்கனிக் கதவு. உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது.

வேறு வீடு பார்த்துவிடலாம் என்று அன்றே முடிவு செய்தோம். ஒரு வாரம் அவகாசம் வேண்டியிருந்தது. அந்த ஒரு வாரம் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை. பால்கனிக் கம்பி துருப்பிடித்திருந்ததால் வெல்டர் வந்து மொத்தமாகக் கழற்றிக்கொண்டு போனார். காலையில் மாட்டிவிடுவேன், கதவைத் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நானே தாழ்ப்பாள் போட்டேன். இழுத்துப் பார்த்தேன். சத்தியமாக இழுத்துப் பார்த்தேன்.

மணி 5.58. மொட்டைமாடியிலிருந்து துணியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பூட்டைத் திறந்தேன். முகத்தில் காற்று அடித்தது.

உள்ளே காற்று வர வழியே இல்லை.

பின் அறைக்கு ஓடினேன். பால்கனிக் கதவு அகலத் திறந்திருந்தது. அதை நோக்கி ஆபீசர் நடந்துகொண்டிருந்தான். வாலை ஆட்டிக்கொண்டு.

"வாடா... இன்னும் கொஞ்சம்... படி."

குரல் பால்கனிக்கு வெளியிலிருந்து வந்தது. கம்பி இருந்த இடத்தையும் தாண்டி. அங்கே தரை கிடையாது. மூன்று மாடி ஆழம்தான்.

வாசற்படிமேல் முன்காலைத் தூக்கி வைத்தான்.

"நில்லு!" என்று கத்தினேன். நின்றான்.

வெளியிலிருந்து, நிதானமாக:

"அது நான் இல்லடா. நீ வா."

அவன் இந்தப் பக்கம் தலையைத் திருப்பினான். அந்தப் பக்கம் திருப்பினான். ஆபீசர் என்றேன். அதே நொடியில் அதுவும் ஆபீசர் என்றது.

வாயை மூடினேன்.

எதைச் சொன்னாலும் அதுவும் சொல்லும்.

அவன் அடுத்த காலையும் தூக்கினான்...

பாய்ந்தேன். பின்னங்கால்தான் கைக்குக் கிடைத்தது. இழுத்தேன்.

கடித்தான்.

பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட என்னைக் கடித்ததில்லை. பல் மணிக்கட்டில் இறங்கியது. நான் விடவில்லை. உறுமினான். வெளியே பார்த்து இல்லை.

என்னைப் பார்த்து.

மார்போடு இறுக்கிக்கொண்டு தரையில் கிடந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாசனை அவனுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமாக உறுமல் நின்றது. ரத்தத்தை நக்கினான். நடுங்கினான்.

வெளியே அமைதி.

பிறகு... மெதுவாக...

"இருக்கட்டும்."

நாக்கை ஒரு தடவை சப்புக்கொட்டுகிற சத்தம். அவ்வளவுதான்.

நான் கதவைச் சாத்தவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கித் தெருமுனை மருந்துக்கடை வெளிச்சத்தில் போய் உட்கார்ந்தேன். என் கணவர் 8.10க்கு வந்தார். மேலே போய்த் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு இறங்கினார். இரும்பு விஷயத்தில் எதற்கும் காரணம் சொல்கிற மனுஷன். அன்று ஆட்டோவைத்தான் கூப்பிட்டார். அவருடைய அக்கா வீட்டுக்குப் போனோம். சாமான்களை ஆட்களை அனுப்பித்தான் எடுத்தோம். நான் அந்தத் தெருவுக்கே மறுபடி போகவில்லை. மணிக்கட்டில் ஆறு தையல். தழும்பு இருக்கிறது.

புது வீடு தரைத்தளம். அங்கே குரல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஆபீசர் முன்போல் என் பேச்சைக் கேட்டதும் வருவதில்லை. நான் கூப்பிட்டால் முதலில் நிற்பான். மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்வான். அப்புறம்தான் வருவான். அது எனக்கு மணிக்கட்டைவிட வலித்தது.

எட்டு மாதம் இருந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் மருந்து போடலாம் என்று மடியில் கிடத்தினேன். இரண்டு தடவை பெருமூச்சு விட்டான். மூன்றாவது வரவில்லை. மணி 6.00. கொல்லையில் புதைத்தோம். நாங்கள் இரண்டு பேர்தான். யாருக்கும் சொல்லவில்லை, சொல்ல வாய் வரவில்லை.

பதினொரு நாள் கழித்துக் கீழ் வீட்டு டீச்சர் போன் செய்தார். மறுபடி அந்த வீட்டுக்கே வந்துவிட்டீர்களா, கண்ணிலேயே படவில்லையே என்றார். இல்லை என்றேன்.

நாங்கள் போனபிறகு அந்த வீட்டுக்கு யாரும் குடிவரவில்லையாம். பூட்டியே கிடக்கிறதாம். ஆனாலும் எட்டு மாதமாகத் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு என் குரல் ஆபீசரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததாம். நான் பயந்துவிடுவேன் என்று சொல்லாமல் இருந்தாராம்.

"போன வாரம் செவ்வாய்க்கிழமையோட கூப்பிடறது நின்னுடுச்சு. அன்னிலேர்ந்து மேலே நாய் ஓடற சத்தம்தான் கேக்குது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் குட்டி மாதிரி ஓடுது... ஒரு இடத்துலகூட முட்டிக்கறதில்ல. நீங்கதான் வந்துட்டீங்கன்னு நினைச்சேன்."

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அதுக்குக் கண்ணு சரியாயிடுச்சா?"