கேட்கப் போனவன் பெயர்

அந்தக் கம்ப்யூட்டர் விழுந்தால், அதாவது ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோனால், திரையில் ஐந்து வரி வரும். அதை அப்படியே ஒரு படிவத்தில் கையால் எழுதி, மெஷினை விற்றவர்களுக்குக் கோலாலம்பூருக்கு ஃபேக்ஸ் அனுப்ப வேண்டும். எண்பதுகளின் பின்பாதியில், ஈப்போவுக்கு வெளியே ஒரு கையுறைத் தொழிற்சாலையில், என் வேலைகளில் அதுவும் ஒன்று. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று என் தலையில் கட்டினார்கள். நானும் எழுதினேன்.

கம்ப்யூட்டர் அறையில் இரண்டே பேர். நானும், ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து வந்த ஓர் அண்ணனும். உறவில்லை, எட்டு வயது மூத்தவர், அதனால் அண்ணன். சனிக்கிழமை பஸ் ஏறி ஊருக்குப் போவார், ஞாயிறு பூசை முடிந்ததும் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுத் திரும்பி வருவார். வேலை நிரந்தரம் என்ற கடிதம் கைக்கு வந்துவிட்டால் அவர்களை ஈப்போவுக்கே கூட்டி வந்துவிடலாம். புந்தோங்கில் ஒரு வீடுகூடச் சொல்லி வைத்திருந்தார். பின்னால் ஒரு பப்பாளி மரம் இருக்கிறதாம், வெயில் அடிக்காதாம். ஒரே வீட்டைப் பற்றி ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் பேசுவார் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

பிரிண்டரை ஓட்டும் புரோகிராம் அவர் எழுதியது. வாசலில் தொழிலாளர்கள் தேய்க்கும் அட்டையைப் படிக்கும் புரோகிராம் நான் எழுதியது. இரண்டும் கெர்னலுக்குள், அதாவது மெஷினின் அடிமடியில், உட்கார்ந்திருந்தன. அங்கே நினைவகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கேட்பவர்களுக்குக் கொடுக்கிற பகுதி ஒன்று உண்டு. தோட்டத்து லயம் மாதிரி ஒட்டி ஒட்டி அறைகள். ஒவ்வோர் அறையின் வாசலிலும் அடுத்த காலி அறை எது என்று ஒரு குறிப்பு. ஓர் அறைக்காரன் சாமானை அடுத்த வாசல்வரை பரப்பினால் அந்தக் குறிப்பு அழிந்துபோகும். பரப்பியவன் பாட்டுக்கு வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவான். பிறகு எவன் காலி அறை கேட்டு வருகிறானோ, அவன் காலடியில்தான் எல்லாம் சரியும். திரையில் வரும் பெயரும் அவனுடையதுதான்.

இதை இப்போது நன்றாகச் சொல்கிறேன். அன்றைக்கு இந்த மூளை எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

அண்ணனின் ஐந்தாவது மாதத்தில் மெஷின் முதல் தடவை விழுந்தது. காலை ஷிப்டு உள்ளே வந்து, வருகைப் பட்டியல் அச்சாகத் தொடங்கிய நேரம். தொழிற்சாலை வாசலில் முந்நூறு பேர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். படிவத்தில் ‘இடம் கேட்டது யார்’ என்று ஒரு கட்டம். திரையில் இருந்தபடி பிரிண்டர் புரோகிராம் என்று எழுதினேன். கடைசி வரி வெறும் எண்கள், கெட்டுப்போன இடத்தில் என்ன கிடந்தது என்று காட்ட. அதையும் ஒன்று விடாமல் நகல் எடுத்தேன்.

அதற்குப் பின் வந்த வாரங்களில் இன்னும் இரண்டு தடவை. அதே நேரம், அதே பெயர்.

“நான் எடம் கேக்கத்தான் போனேன் தங்கச்சி,” என்றார் அண்ணன். “நான் போறப்பவே அங்க ஒடஞ்சி கெடக்கு. ஒடச்சவன் யாருன்னு பாக்கணும்லா.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே. ஸ்க்ரீன்ல என்னா இருக்கோ அதத்தான் எழுதுவேன்.”

“ஒன் ப்ரோகிராமையும் ஒரு தடவ பாரேன்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “என்னோடத என் சொந்த அட்டைய வச்சி நூறு தடவ சோதிச்சிட்டேன். ஒங்கத மொதல்ல பாருங்க.”

மூன்று படிவங்களையும் மேனேஜர் தன் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தார். மூன்றிலும் ஒரே பெயர், அழகான கையெழுத்தில். நிரந்தரக் கடிதத்துக்குப் பதில் வேறு கடிதம் வந்தது. அண்ணன் மேசையைத் துடைத்து வைத்துவிட்டு, “வாரேன் தங்கச்சி,” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சரி என்றேன்.

அவருடைய புரோகிராமை எடுத்துவிட்டுப் பழையதையே போட்டோம். அது யாரிடமும் இடம் கேட்காது. பதினோராம் நாள் காலை மெஷின் மறுபடியும் விழுந்தது. இந்தத் தடவை திரையில் டிஸ்க்கை ஓட்டும் பகுதியின் பெயர். அதை எழுதியது மெஷினைச் செய்தவர்கள், எங்கள் யாருக்கும் அதில் கை இல்லை.

படிவத்தை எடுத்து எழுதினேன். கடைசி வரிக்கு வந்ததும் கை நின்றது. அதே எண்கள். மூன்று தடவை எழுதிய கைக்கு இப்போதுதான் அடையாளம் தெரிந்தது. எந்த எண் எந்த எழுத்து என்பது எனக்கு மனப்பாடம்; ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒரு பெயரின் கடைசி ஆறு எழுத்து. என் அப்பாவின் பெயர்.

நான் வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில், எல்லோரையும் நிற்கவைத்து ஆள் கணக்கெடுக்கும்போது, கணக்கெழுதும் கிராணி தகப்பன் பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார். ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். எங்கள் அப்பா பெயர் ஒரு முழ நீளம். கிராணி அதைப் பாதியில் விழுங்குவார், வரிசையே சிரிக்கும். பள்ளி விடுமுறையில் பால் வெட்டுக்குப் போன நாட்களில் நானும் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். அதனால் ஈப்போவுக்கு வந்ததும் அப்பா பெயரை வெட்டிவிட்டேன். தொழிற்சாலை அட்டையிலும் என் பெயர் மட்டும், ஒன்பது எழுத்து. அந்த அட்டையை வைத்துத்தான் சோதித்தேன். பெயருக்கு முப்பத்திரண்டு எழுத்து இடம் போதும் என்று முடிவுகட்டியதும் நான்தான்.

அப்பா செத்து, தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு என் தங்கை என்னோடு வந்து தங்கினாள். மெஷின் முதல் தடவை விழுவதற்குச் சற்று முன்புதான் பேக்கிங்கில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன். அவள் அடையாள அட்டையில் இருந்தபடியே தொழிற்சாலை அட்டையும் போட்டுக்கொண்டாள்: அவள் பெயர், மகள் என்பதற்கு மலாயில் போடும் a/p, அப்பா பெயர் முழுதாக. முப்பத்தெட்டு எழுத்து; நான் விட்ட இடத்துக்கு மிஞ்சியது ஆறு. அவ்வளவு நீளப் பெயர் அங்கே வேறு யாருக்கும் இல்லை. அவளுக்குக் காலை ஷிப்டு வருகிற வாரங்களில்தான் மெஷின் விழுந்திருக்கிறது.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. என் புரோகிராமில் ஒரே ஓர் எண்ணை மாற்றினேன். பிறகு படிவத்தின் அடியில் கோடு போட்டு, ‘கெடுத்தது யார்’ என்று ஒரு கட்டம் நானே வரைந்து, என் பெயரை எழுதினேன், அப்பா பெயரோடு.

மேனேஜரிடம் கொடுத்து, அண்ணனைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். அவர் வாசித்தார். மெஷின் இப்போது ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். “சுடா லா,” என்று படிவத்தை என் பக்கம் தள்ளினார். முடிந்தது முடிந்துவிட்டது என்று அர்த்தம். மதியம் கேண்டீனில் நாசி லெமாக் வாங்கினேன். பசித்தது, சாப்பிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான்கு படிவங்களையும் எடுத்துக்கொண்டு ஹுத்தான் மெலிந்தாங் போனேன். அண்ணன் படகுத்துறையில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் கொட்டிக்கொண்டிருந்தார். புந்தோங் வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள் என்று அவரே சொன்னார். கையைச் சட்டையில் துடைத்துவிட்டு நான்காவது படிவத்தை வாசித்தார். நான் வரைந்த கட்டத்தில் கொஞ்ச நேரம் கண் நின்றது. பிறகு முதல் படிவத்தை எடுத்துக் கடைசி வரி எண்களை எழுத்தெழுத்தாக வாசித்தார்.

“இது மொத நாளே இருந்துச்சா?”

“இருந்துச்சுண்ணே.”

“யாரு எழுதுனது?”

“நான்தான்.”

அவர் நான்கையும் ஒன்றாக அடுக்கி, ஈரம் படாமல் ஓரத்தைப் பிடித்து என்னிடம் நீட்டினார். “நீயே வச்சிக்க தங்கச்சி,” என்றார். “ஒங்கப்பா பேருலா.”