துரவுத் தண்ணியும் கருவாட்டு நாக்கும்

மெரினாவுல ஒரு கப்பலு பொயல்ல மாட்டி கரைல தட்டிகினு நின்னுச்சே, ஊரே சோத்து மூட்டைய கட்டிகினு போயி வேடிக்க பாத்துச்சே, அதுக்கு மறு வருசமோ அதுக்கு அடுத்த வருசமோ நடந்தது இது. நம்பரு கேட்டா எனக்கு வராது. நானும் எம் பொண்டாட்டியும் கூட போயிருந்தோம். அம்மாம் பெரிய கப்பலு மணல்ல குந்திகினு கீது. நின்னுகினு இருந்தவன் ஒர்த்தன் பாக்கியில்லாம அத்த எப்டி தள்றதுன்னு யோசன சொல்றான். கடல்ல கால நனைக்காத பேமானிங்கோ. சரி, அத்த வுடு.

எண்ணூருக்கு மேற்கால, மீஞ்சூர் போற வழில எனக்கு அரைக் காணி மணல் கீது. மாமனார் குட்த்தது. அதுல கீர போட்டேன். மொளக்கீர, அரக்கீர, சிறுகீர. காலைல பறிச்சி கூடைல அடுக்கினா எம் பொண்டாட்டி மொத ரயில்ல ஏறி ராயபுரம் போயி வித்துட்டு வருவா. எங்க வூட்ல அடுப்பு எரிஞ்சதே அந்த கீரையால தான்.

அந்த மணலுக்கு கெணறு ஆவாது. துரவு தான். பத்தரத்துல எய்துவான் பாரு, "கெணறு துரவு"ன்னு, எய்துறவனுக்கே அது இன்னான்னு தெரியாது. மணல இடுப்பு ஆழம் தோண்டி வுட்டா மழத் தண்ணி ஊறி நிக்கும். அதான் துரவு. கீழ முச்சூடும் உப்புத் தண்ணி. அதுக்கு மேல நல்ல தண்ணி பால்ல ஆடையாட்டம் மெதந்துகினு கீது. ஆடைய மட்டும் எட்துக்கணும். அதுக்கு மேல ஆசப்பட்டா ஆடையும் பூடும். எங்கிட்ட ரெண்டு துரவு இருந்துச்சி. தெக்கால ஒண்ணு, வடக்கால ஒண்ணு.

தெனமும் காலைல எம் பொண்டாட்டி வாய் கொப்புளிச்சிட்டு, காப்பி கூட குடிக்காம, துரவுத் தண்ணி ஒரு கை அள்ளி வாய்ல வெச்சிகினு மனசுல நாலு எண்ணுவா. எண்ணி முடிக்கிற வரிக்கும் கரிக்கலன்னா கொடத்த எட்து ஊத்தலாம். கரிச்சா துப்பிடுவா. அந்த துரவ நாலு நாளு தொடக் கூடாது, அடுத்ததுக்கு போவணும். பாத்தில சவுக்குத் தோப்பு சருகக் கொண்டாந்து பரப்பி வுடுவேன், வெயிலு மணல்ல எறங்காது. போறவன்லாம் சிரிப்பான். "இன்னா நைனா, குப்பைய கொட்டி வெச்சிகினு கீற?" அவன் அந்த சருக அடுப்புல கொளுத்திட்டு, தோட்டம் காயுதுன்னு வானத்த திட்டுவான்.

அப்பதான் பக்கத்து நெலத்த ஒரு ரைட்டரு வாங்கனான். ஹார்பர்ல மூட்ட எண்றவன ரைட்டருன்னு தான் சொல்லுவோம். ரிட்டேர் ஆயி, கால்ல கேன்வாஸ் ஷூ போட்டுகினு வெவசாயம் பண்ண வந்தான் அந்தாளு. கைல ஒரு பொஸ்தவம் வேற. மணல்ல புது நெல்லு போடப் போறானாம். எங்க வடக்காலத் துரவுக்கு பத்தடி தள்ளி போரு எறக்கி, ஆயில் இஞ்சின மாட்டிகினு இருந்தான். நான் போயி நின்னேன்.

"ரைட்டரே, இங்க ஆழம் போவாத. கீழ உப்பு."

"நீ மேல மொண்டுகினு கீறியே, அது கொசு குடிக்கிற தண்ணிப்பா. சுத்தமான தண்ணி அடில தான் கீது."

"இது இன்னா கப்பலா, அடில சரக்கு கீதுன்னு எறங்கறதுக்கு?"

அவன் வேலக்காரங்கோ சிரிச்சிட்டானுங்கோ. அதுல அவனுக்கு ரோசம் வந்துடுச்சி.

இஞ்சினு ஓடி மொதத் தண்ணி வந்தப்போ ரைட்டரு தன் வேலையாள ஒர்த்தன கூப்ட்டு ருசி பாக்க சொன்னான். அந்தாளு அப்ப தான் கஞ்சிக்கு சுட்ட கருவாட கட்ச்சி துன்னுட்டு எழுந்து வரான். அந்த வாயோட குடிச்சா கடலே எளநி தான். "தேனு சார்"னு சொல்ட்டான். ரைட்டரு போற வரவன்கிட்டல்லாம் தேனு, தேனுன்னு சொல்லிகினு திரிஞ்சான். ரீஜண்டா பட்ச்சவன், கருவாட்டு நாக்க நம்புனான்.

நாத்து நட்டு பதினஞ்சி நாளு கூட ஆவல, நுனி கருகிடுச்சி. பூச்சின்னான், மருந்து அடிச்சான். சத்து பத்தலன்னான், வெள்ள உரத்த எறச்சான். அப்பால ஒரு நாளு மண்ணு மேல வெள்ளையா பூத்து கெடந்துச்சி. என்ன கூப்ட்டு பெருமையா காட்றான். "பாருப்பா, போட்ட உரம் அப்டியே மேல நிக்குது. பயிரு இன்னும் இழுக்கல." நான் குனிஞ்சி ஒரு விரல் தொட்டு நாக்குல வெச்சேன். அய்ய! மீன்ல தடவலாம், அவ்ளோ உப்பு. "ரைட்டரே, உரத்துக்கு கருவாட்டு ருசி வருமா?"ன்னு கேட்டேன். மூஞ்ச திருப்பிகினு பூட்டான்.

சிரிச்சது அன்னிக்கோட சரி. நாலு நாளு கயிச்சி எம் பொண்டாட்டி வடக்காலத் துரவுல கை வெச்சா. ரெண்டு கூட எண்ணல, துப்பிட்டா. தெக்கால போனா. அங்க மூணுல துப்பிட்டா. கூடைய கவுத்து வெச்சிட்டு, "யோவ், இன்னிக்கி ரயிலு இல்ல"ன்னா. அவ்ளோ தான் சொன்னா.

நேரா ரைட்டராண்ட போனேன். "நாலு நாளு இஞ்சின நிறுத்துய்யா. என் கீர சாவுது."

"என் நெலம், என் போரு. உனக்கு இன்னா பேஜாரு?"

"மேல தான்யா வேலி போட்டு கீற. கீழ கீற தண்ணிக்கு எவன் வேலி போட்டான்?"

காதுல வாங்கல. நெல்லு சுத்தமா வெளுத்த பொறவும் ஒரு மாசம் இஞ்சின ஓட்டுனான், சொம்மா வீம்புக்கு. உப்புக்கு உப்பு ஊத்திகினு கீறான் அறிவு கெட்டவன். அப்பால ஒரு காலைல இஞ்சின வண்டில ஏத்திகினு, "இந்த மண்ணே கலீஜு மண்ணு"ன்னு சொல்ட்டு பூட்டான். அந்த மண்ணு தான் எனக்கு வருசக்கணக்கா சோறு போட்டுச்சி.

நான் ராயபுரத்துல மீன் கூடை தூக்குனேன். அவ வண்ணாரப்பேட்டைல ஒரு பாய் வூட்ல பாத்திரம் தேச்சா. நெலத்த சொம்மா வுடல. சுத்தி மொழங்கால் ஒசரம் வரப்பு கட்டுனேன், பேஞ்ச மழ ஒரு சொட்டு வெளிய ஓடாம மணல்லயே எறங்கட்டும்னு. சருகப் போட்டேன். துரவ தொடவே இல்ல. மூணு ஐப்பசி போச்சி. நாலாவது வருசம் தெக்காலத் துரவுல எம் பொண்டாட்டி நாலு எண்ணி முழுங்கனா. பழைய கூடைய செல்லு அரிச்சி இருந்துச்சி, புதுசு பின்னச் சொன்னோம்.

வடக்கால இருந்தது தேறவே இல்ல. அவன் தோண்டுன ஓட்டயாண்ட கீது, எப்டி தேறும்? இப்ப ரைட்டரு நெலத்துல ஒர்த்தன் மனை போட்டு விக்கிறான், வாங்குறவன்லாம் ஆளுக்கு ஒரு போரு எறக்குறான். எங்கிட்ட எவனும் கேக்கல. கெழவன், எய்துப்படிப்பு இல்லாதவன், இவனுக்கு இன்னா தெரியும்னு போறானுங்கோ.

நீ பட்ச்சவன், நீ சொன்னா கேப்பானுங்கோ. அந்தப் பக்கம் எவனாச்சும் போரு எறக்கறான்னா நீ போயி சொல்லு, பக்கத்து வூட்டுக்காரனுக்கும் கீழ அதே தண்ணி தான்னு. மறக்காம சொல்லுப்பா.