ஆகல்ல

மத்தியானம் மகள் ஒரு பழைய இத்தாலியப் படம் போட்டாள். ஏமாந்து ஏமாந்தும் அன்பைத் தேடிப் போகும் ஒருத்தியின் கதை. அவள் இன்னொருவனைப் பார்த்துச் சிரித்ததுமே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று முறை எழுந்துவிட்டேன்.

"உக்காரும்மா, மறைக்குது!"

சின்ன வயதில் எங்கள் பக்கத்து வீட்டிலிருந்த ராணியக்காவும் அந்தப் படத்துப் பெண்ணைப் போலத்தான் சிரிப்பாள். தருமபுரியிலிருந்து மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்தவள். சிமென்டில் வெடித்த விரல்களில் எப்போதும் தேங்காயெண்ணெய் வாசம். புருஷன் விட்டுப் போயிருந்தான். தேவராஜ மார்க்கெட்டில் பூ விற்ற கன்னடக்காரர் மேல் அவளுக்கு ஆசை. தன் வாயால் கேட்கக் கூச்சம். கன்னடப் பள்ளியில் படித்த, பத்து வயதான என்னைக் கூட்டிப் போனாள்.

அக்காவைக் கட்டிக்கொள்வீர்களா என்று கேட்டேன். கட்டிக்கொண்டிருந்த மாலையிலிருந்து கண்ணெடுக்காமல், "மதுவே ஆகல்ல" என்றார். கல்யாணம் நடக்காது என்று அர்த்தம்.

அக்கா என் தோளை இறுக்கினாள். "இன்னும் கல்யாணம் ஆகலையா கண்ணு அவருக்கு?"

அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "ஆமாக்கா, ஆகலையாம்."

அந்த மழைக்காலம் முழுக்க அவர் கடைப் பூவைத்தான் சூடினாள். அவர் வேறொருத்தியைக் கட்டிய அன்று, அழுதுகொண்டே என் பொய்யை ஒப்புக்கொண்டேன்.

அக்கா என் தலையில் குட்டினாள். "இங்க வந்து எட்டு வருஷமாச்சு. ஆகல்லன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? நீ சொன்னதுதான் கேக்க நல்லாயிருந்துச்சு."

படத்தில் அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். கீழே ஓடிய மொழிபெயர்ப்பு எழுத்துகளை அணைத்தேன்.

"ஐயோ அம்மா! அவன் என்ன சொல்றான்னு எப்படித் தெரியும்?"

"அவளுக்குத் தெரியும்டி."